வாசலைப் பெருக்கிய வில்லன்

ஒரிமோத்தோ சுமியேயைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேம் பத்திரிகைக்காரர்கள் இன்றைக்கும் தேடிப் போவது எங்கள் டைரக்டர் அஷிஹாராவைத்தான். "அப்படி ஒரு வில்லன் உங்களுக்கு எப்படித் தோன்றினான்?" என்று கேட்பார்கள். அவரும் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஏதோ யோசிக்கிற மாதிரி நடித்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்வார். படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவருக்குத் தோன்றியது கொம்பு. கொம்பும் கறுப்பு அங்கியும் தவிர அந்த மனுஷனுக்கு எதுவும் தோன்றவில்லை. நல்ல மனுஷன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறதே, அதை நானாவது எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஆபீஸ் ஒசாகாவில், தென்மா ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் இருந்தது. கீழே எண்ணெயில் மீன் பொரிக்கும் கடை, மாடியில் நாங்கள். துவைத்த சட்டையிலும் மீன் வாடை அடிக்கும். வாள், மந்திரம், அரக்க ராஜா, அவனை ஒழிக்கக் கிளம்பும் ஒரு பையன் என்று டிவியில் போட்டு விளையாடும் கேம் செய்கிற சின்னக் கம்பெனி. அது 1994. புதுக் கேசட் வெளியாகும் நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விடிவதற்கு முன்பே கடை வாசலில் வரிசை கட்டி நின்ற காலம். என் பெயர் நிஷிகுச்சி. கேமுக்குள் இருக்கிற ஆட்களை நடமாட வைப்பது என் வேலை. யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது வாயைத் திறக்க வேண்டும், எந்தக் கதவு எதற்குத் திறக்க வேண்டும் என்றெல்லாம் மெஷினுக்குப் புரிய வைக்க வேண்டும். மெஷினுக்குப் புரிந்துவிடும். டைரக்டருக்குத்தான் புரியாது.

ஒரிமோத்தோ எங்களிடம் வந்தது போன் எடுக்க. இருபத்தைந்து வயது, சின்ன உருவம், கழுத்தோடு வெட்டிய முடி. நாளெல்லாம் வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் எதிரில் நிற்பவனுக்குச் சுருக்கென்று தைக்கும். எங்களுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தவன், டோக்கியோவில் பெரிய கம்பெனி கூப்பிட்டது என்று பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போனான். அஷிஹாரா அவன் மேஜையில் கிடந்த தாள்களை அள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டார்.

"அரக்க ராஜா ரொம்பப் பேசறான். கேசட்ல இடம் பத்தல. கொஞ்சம் சுருக்கிக் குடு."

மறுநாள் திருப்பிக் கொடுத்தாள். எல்லா வரியும் அடிக்கப்பட்டிருந்தது.

"பேச்செல்லாம் எங்கே?"

"சுருக்கினேன், டைரக்டர். மிச்சம் எதுவும் நிக்கல."

நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அஷிஹாரா முறைத்தார். ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் தெரியும். அந்த அரக்க ராஜாவின் பெயர் கர்பாடோஸ். பேரைத் தானே வைத்ததாக ரொம்பப் பெருமை அவருக்கு. கொம்பு வைத்தவன், எரிமலை மேல் மாளிகை கட்டிக் குடியிருப்பவன், வாயைத் திறந்தால் உலகத்தை அழிப்பேன் என்பான். சனிக்கிழமைகளில் காலேஜ் பசங்களைக் கூப்பிட்டு, கறிக்குழம்பு சோறு வாங்கிக் கொடுத்து விளையாட வைத்துப் பார்ப்போம். கர்பாடோஸ் வந்து இடி இடிக்கிற மாதிரி பேச ஆரம்பித்ததும் அவன்கள் ஒரு கையால் சோற்றைத் தின்றுகொண்டே மறு கையால் பட்டனைப் படபடவென்று அமுக்கித் தள்ளிவிடுவான்கள்.

"படிக்காம ஏன்டா தள்றே?"

"என்ன இருக்கு, நிஷிகுச்சி-சான்? உலகத்தை அழிப்பேம்பான். எல்லா கேம்லயும் அதைத்தானே சொல்றானுங்க."

அஷிஹாராவுக்கு முகம் செத்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமையே வைத்தியத்தோடு வந்தார். "கண்டுபிடிச்சிட்டேன். அவனுக்குச் சின்ன வயசுலயே அம்மா செத்துட்டா. அந்தத் துக்கத்துலதான் உலகத்தை வெறுக்கறான். பார்க்கறவன் அழுவான்."

ஒரிமோத்தோ போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "எங்க தெருவுல அம்மா இல்லாத பசங்க ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தன் தபால்காரன் ஆயிட்டான். இன்னொருத்தன் மீன் விக்கிறான். உலகத்தை யாரும் அழிக்கல."

"அப்ப நீயே சொல்லேன். பயப்படற மாதிரி ஒரு வில்லன், அவன் எப்படித்தான் இருப்பான்?"

"செருப்பைக் கழட்டுவான். திரும்பிப் போறப்போ மாட்டிக்க வசதியா, வாசப் பக்கம் பார்த்து நேரா வைப்பான். அப்புறம் உள்ள வருவான்."

எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் ஆற்றங்கரைக்குப் போவது வழக்கம். அன்றைக்கு அவளாகவே வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தாள். முனாகாத்தா என்கிற ஆளைப் பற்றிச் சொன்னாள். கேட்டு முடித்தபோது என் சோற்று டப்பா பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

அவள் வளர்ந்தது ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள் நிறைந்த ஒரு சந்தில். சந்து முனையில் அவள் அம்மா தோக்கியே, கல்லின் மேல் முட்டைக்கோஸ் மாவை ஊற்றிச் சுட்டுப் போடுகிற ஒகோனோமியாகிக் கடை வைத்திருந்தாள். அப்பா சீக்கிரமே போய்விட்டார். ஊரெங்கும் மனை விலை பேய் பிடித்தது போல ஏறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. பழைய வீடுகளைக் காலி பண்ண வைத்து மனையை விற்கும் தரகர்கள் தெருத்தெருவாக அலைந்தார்கள். பக்கத்துத் தெருவில் அவர்கள் செய்யாத அட்டூழியம் இல்லை. கதவை உதைத்தார்கள், செத்த பூனையை வாசலில் போட்டார்கள். அந்தத் தெருக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து நின்றார்கள், கடைசிவரை யாரும் போகவில்லை.

"எங்க சந்துக்கு வந்தவன் அப்படி இல்ல" என்றாள் ஒரிமோத்தோ. "துண்டு எடுத்துக்கிட்டு வந்தான்."

பக்கத்தில் கட்டட வேலை நடக்கப் போகிறது என்றால் வீடு வீடாகப் போய்க் குனிந்து வணங்கி, சத்தமாக இருக்கும், மன்னிக்க வேண்டும் என்று ஒரு வெள்ளைத் துண்டைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முனாகாத்தாவும் அப்படித்தான் வந்தான். அந்த வருஷம் சந்தின் பொறுப்பு முறைப்படி தோக்கியேயிடம் இருந்தது. சுற்றறிக்கைப் பலகையை வீட்டுக்கு வீடு அனுப்புவது, குப்பை முறை பார்ப்பது, எல்லாம் அவள்தான். அதனால் அவன் முதலில் வந்ததும் அவள் வீட்டுக்கு. வாங்கினால் திருப்பிக் கொடுக்காமல் எங்களால் இருக்க முடியாது, அது ரத்தத்தில் ஊறிய குணம். அவள் கடல்பாசி தொக்கு செய்து ஒரு டப்பாவில் கொடுத்தாள். அவன் டப்பாவைக் கழுவி, உள்ளே ஆரஞ்சு வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தான். அதற்கு இவள் ஒன்று, அதற்கு அவன் ஒன்று. பொறுப்பாளர் வீட்டுக்கு வந்து போகிற மனுஷன் என்று மற்ற வீடுகளும் கதவைத் திறந்தன. யாருக்கு முட்டி வலி, யார் பிள்ளைக்குப் பரீட்சை, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. மருந்து வாங்கி வருவான், ஒழுகும் ஓட்டைச் சரி பண்ணுவான். கடைசியில் மனைப் பத்திரத்தையும் நீட்டினான். கையெழுத்துக்குப் பதில் நாங்கள் முத்திரைதான் குத்துவோம்; முதல் முத்திரை தோக்கியேயுடையது. ஒரு வசந்தத்துக்குள் சந்து காலி. யாரும் கத்தவில்லை. போகிற அன்றைக்கு அவரவர் வாசலைப் பெருக்கிவிட்டுப் போனார்கள். இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்.

"சிதறிப்போனவங்க யாரும் அம்மாவுக்குப் புத்தாண்டுக்கு ஒரு கார்டு கூடப் போடறதில்ல" என்றாள். "போடாதது தப்புன்னும் எனக்குத் தோணல. அம்மா நெயாகாவால ஒரு அடுக்குமாடில தனியா இருக்காங்க. டிபார்ட்மென்ட் கடையில கட்லெட் விக்கிறாங்க. நான் போறதில்ல. போனா உட்கார்ந்து என்ன பேசறது? அந்த ஒரு துண்டை, வேணாம், எடுத்துட்டுப் போன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது. சொல்லல. அதை என்னால மன்னிக்க முடியல, நிஷிகுச்சி-சான். பார்த்துட்டேன், முடியல."

அவளுக்கு அந்தக் கேமில் இருந்த அக்கறை எல்லாம் அதுதான். எத்தனை கேசட் விற்கும் என்பது அவளுக்கு எப்போதும் பொருட்டே இல்லை.

லெமோ பிறந்தது அப்படி. திரையில் பேருக்கு அத்தனை எழுத்துக்குத்தான் இடம் இருந்தது, அதனால் குட்டிப் பேர். கொம்பு கிடையாது. சாம்பல் நிறப் பயண உடை, வயது சொல்ல முடியாத முகம். கதை தொடங்கியதும் நாயகன் வீட்டுக்கு வந்து துண்டு கொடுப்பான். அந்தத் துண்டு ஒன்றும் வெத்து வேட்டு இல்லை. அடிபட்டால் காயத்தைத் துடைத்து உயிரை மீட்கலாம். முதல் குகையில் பாதிப் பேர் பிழைப்பதே அதனால்தான். நாயகனின் தங்கைக்குக் காய்ச்சல் என்றால் மருந்தோடு வருவான். அந்தக் குகையை முடித்துவிட்டு நாயகன் ஊர் திரும்புவான். எங்கள் கேம்களில் அந்தக் கட்டத்தில் ஊர் தீப்பற்றி எரிய வேண்டும். அதுதான் சட்டம் மாதிரி. லெமோவின் ஊர் எரியாது. காலியாக இருக்கும். கதவெல்லாம் ஒழுங்காகப் பூட்டி, வாசல் பெருக்கி, ஒரு ஈ காக்கை இல்லாமல்.

"எரியலேன்னா விளையாடறவனுக்கு எப்படிக் கோபம் வரும்?" என்று அஷிஹாரா மேஜையைத் தட்டினார்.

"எரிஞ்சா தீ மேல கோபம் வரும். இதுல யார் மேல வர்றதுன்னே தெரியாது. அது போதும்."

சனிக்கிழமை பசங்களை உட்கார வைத்தோம். எப்போதும் பட்டனைத் தட்டித் தள்ளுகிற அதே பயல், காலி ஊரில் ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டிக்கொண்டே இருந்தான். கறிக்குழம்பு சோறு ஆறிப்போனது. "எல்லாரும் எங்க போனாங்க?" என்று எங்களைப் பார்த்தான். அஷிஹாரா என் காதருகே வந்து, "கர்பாடோஸை எடுத்துடு" என்றார். அந்த விஷயத்தில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

அதன் பிறகுதான் ஒரிமோத்தோ என்னிடம் அந்த வேலையைக் கேட்டாள். எங்கள் கேம்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆம், வேண்டாம் என்று இரண்டு பதில் காட்டுவோம், ஆனால் வேண்டாம் என்பது சும்மா பேருக்கு. அதை அமுக்கினால் எதிராளி மறுபடி கேட்பான், ஆம் என்று சொல்லும்வரை விடமாட்டான். விளையாடுகிறவர்களுக்கும் அது தெரியும். அவள் சொன்னாள், லெமோ துண்டை நீட்டும் இடத்தில் வேண்டாம் என்பது நிஜமாகவே வேண்டாம் ஆக இருக்க வேண்டும். முதல் தடவையே அதை அமுக்கினால் லெமோ போய்விடுவான், ஊர் பிழைத்துவிடும்.

"யார் அமுக்குவா? ஒருத்தனும் மாட்டான்."

"ஒருத்தராவது அமுக்கட்டும். முடியும்னு தெரியட்டும்."

அஷிஹாரா குதித்தார். ரகசிய முடிவு! பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் காதில் ஒருத்தன் சொல்லிச் சொல்லியே கேசட் விற்றுவிடும்! எனக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்தியது. அந்தச் சின்னப் பதிலை அவள் யாரை நினைத்துக்கொண்டு எழுதினாள் என்று எனக்குத் தெரியுமே. ஆனாலும் கேட்டதைச் செய்து கொடுத்தேன்.

கேசட் முடிக்க வேண்டிய நாட்கள் நெருங்கின. எல்லோரும் ஆபீஸிலேயே மேஜைக்கடியில் படுத்துக்கொண்டோம். மதியம் போல எழுந்து பொதுக் குளியல் கூடத்துக்குப் போய்க் குளித்துவிட்டு வருவோம். ஒரிமோத்தோ அப்படிப் போயிருந்த ஒரு மதியம், மாடிப்படியில் யாரோ மூச்சு வாங்கி ஏறி வந்தார்கள்.

"கும்பிடறேங்க! எங்க சுமியே இங்கதானே வேலை பார்க்கறா? அவ வீட்டுக்குப் போன் போட்டா எடுக்கவே மாட்டேங்கறா!"

மார்க்கெட் குரல். கீழே மீன் பொரிப்பவனுக்கும் கேட்டிருக்கும். வட்ட முகம், ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைக்கும் நடை, கையில் எண்ணெய் ஊறிய பை நிறைய கட்லெட். தோக்கியே. அஷிஹாராவுக்கு அவள் கதை எதுவும் தெரியாது. அவர் கண்ணுக்கு அவள் ஒரு வரம். கேம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு சாதாரண மனுஷி! விளையாட வைத்துப் பார்க்க இதைவிட ஆள் கிடைக்குமா?

"வாங்கம்மா, வாங்க! உட்காருங்க. உங்க பொண்ணு வர்றவரைக்கும் அவ எழுதினதைக் கொஞ்சம் பாருங்க."

"ஐயோ, எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்!"

"இதை அமுக்கினா நடக்கும், இதை அமுக்கினா பேசும். அவ்வளவுதான்மா!"

நான் எழுந்து போய்த் தடுப்பதற்குள் அவர் பட்டன் பெட்டியை அவள் கையில் கொடுத்தாயிற்று. தோக்கியே சிரித்துக்கொண்டே, திரையில் வருகிற ஒவ்வொரு எழுத்தையும் உரக்கப் படித்தாள். கதவு தட்டும் சத்தம். சாம்பல் உடைக்காரன் வந்தான். செருப்பைக் கழற்றினான், வாசல் பக்கம் பார்த்து நேராக வைத்தான்.

"'நாளை மறுநாளிலிருந்து பக்கத்தில் சாலை வேலை. சத்தமாக இருக்கும். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும்...'" அவள் குரல் பாதியில் இறங்கியது. திரையில் துண்டு வந்தது. வாங்கிக்கொள்கிறாயா என்ற கேள்வியும் வந்தது.

அவள் கை நின்றுவிட்டது. "இது எங்க சுமியே எழுதினதா?"

"அவளேதாம்மா! ஒரு வரி கூட நான் தொடல!" என்றார் அஷிஹாரா பெருமையாக. அவருக்கு எப்போதாவது உண்மை சொல்ல வரும், வரக்கூடாத நேரமாகப் பார்த்து.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வேண்டாம் என்பதை அமுக்கினாள். லெமோ குனிந்தான், செருப்பை மாட்டினான், போனான். எக்காளம் முழங்கியது. ஊர் ஜனம் எல்லாம் கூடி நாயகனைச் சூழ்ந்துகொண்டது. தோக்கியே அதையும் படித்தாள், இப்போது மெதுவாக. "'நீ ஒருவன் மறுத்தாய். நம் ஊர் பிழைத்தது.'"

வாசலில் ஒரிமோத்தோ நின்றிருந்தாள். தலை ஈரம், கையில் குளியல் வாளி.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "ஓ. நான் வேணாம்னு சொல்லியிருந்தா பிழைச்சிருக்குமா?"

"ஆமாம்மா, அதான் ரகசியம்! எல்லாருக்கும்..." என்று அஷிஹாரா ஆரம்பித்தார்.

"டைரக்டர், கொஞ்சம் வாயை மூடுங்க" என்றேன். வாழ்க்கையில் அவரிடம் நான் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான். மூடிக்கொண்டார்.

தோக்கியே கையில் இருந்ததை மேஜையில் பதமாக வைத்தாள். "சுமியே, நீ அந்த ஆளைச் சரியா எழுதல. ஒரு தடவை வேணாம்னா போயிடற ஆளா அவர்? நான் சொன்னேனே."

"என்ன சொன்னே?"

"வேணாம்னு. முத நாளே சொன்னேன். நீ ஸ்கூலுக்குப் போயிருந்தே. இந்த மனை ஆளுங்க சங்காத்தமே வேணாம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினேன். மறுநாள் காலையில திறந்தா, வாசலைப் பெருக்கிக்கிட்டிருக்கார். நம்ம வாசல் மட்டுமில்ல, சந்து முழுக்க. காலை வணக்கம்னார். அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்கல. துண்டுப் பேச்சே எடுக்கல. மறுநாளும் பெருக்கினார். அதுக்கு மறுநாளும். நான் பார்க்காத மாதிரி போவேன், வருவேன். அப்புறம் ஒரு நாள் மழை. குடை கூட இல்லாம பெருக்கறார். மழையில என்னத்தைடி பெருக்கறது? எனக்கு மனசு கேக்கல. உள்ள வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்கன்னு நானேதான் கூப்பிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. அந்தத் துண்டையும் நானாத்தான் கேட்டு வாங்கினேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? மழை பெய்ஞ்சுதுன்னா?"

கீழே கடையில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணும் சொல்லிடறேன், திட்டாதே" என்றாள் தோக்கியே. "நம்மளை அழிச்சவர்தான். தெரியாம இல்ல. ஆனா இப்பவும் மனசு அவரைத் தேடுது. முட்டி வலி எப்படி இருக்குன்னு அதுக்கப்புறம் என்னை யாரும் கேட்டதில்ல."

எழுந்து எங்கள் எல்லோருக்கும் குனிந்து, வேலை நேரத்தில் தொந்தரவு பண்ணிவிட்டதாக மன்னிப்புக் கேட்டாள். கட்லெட்டைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னாள். மகளைத் தாண்டிப் படியிறங்கிப் போனாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை நின்று நின்று இறங்கும் சத்தம் கேட்டது.

"ஓடு, போய்க் கூப்பிடு" என்றேன்.

"கூப்பிட்டு? எனக்குக் கோபம் இன்னும் போகல, நிஷிகுச்சி-சான். மழைன்னு சொன்னா ஊரே போனது சரின்னு ஆயிடுமா? பொய்யா என்னால போய் நிக்க முடியாது." வாளியை வைத்துவிட்டுத் தன் மேஜைக்குப் போனாள். "ஆனா ஒண்ணு சரியாச் சொன்னாங்க. நான் அந்த ஆளை ரொம்பச் சல்லிசாக்கிட்டேன். அந்த முடிவை எடுத்துடுங்க."

அன்றைக்கே புதிதாக எழுதித் தந்தாள். வேண்டாம் என்றால் லெமோ போய்விடுவான். மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசலைப் பெருக்கிக்கொண்டிருப்பான். பேச்சுக் கொடுத்தால் காலை வணக்கம் என்பான், அவ்வளவுதான். திரை அதற்குப் பிறகு எதையும் கேட்காது. துண்டு வேண்டுமென்றால் விளையாடுகிறவனே அவனிடம் போய்க் கேட்க வேண்டும்.

"ரகசிய முடிவு போச்சா!" என்று அஷிஹாரா தலையில் கையை வைத்தார். "சரி, ஒருத்தன் கடைசி வரைக்கும் கேக்கலேன்னு வை. அப்ப?"

"மத்த வீடெல்லாம் ஒண்ணொண்ணாக் காலி ஆகும். கடைசியில ஊர்ல நீங்களும் அவனும் மட்டும். அவன் உங்க வாசலைப் பெருக்கிக்கிட்டிருப்பான்."

அஷிஹாரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் தனியா இருக்கறப்போ இதைச் சொல்லாதே" என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

மழையை வைத்தது நான். அவள் எழுதித் தந்ததில் மழை இல்லை. வேண்டுமென்றே விட்டாளா, எழுத மனம் வரவில்லையா, நான் கேட்கவில்லை. கேமுக்குள் சில நாள் கழித்து, ஒரு காலையில் தூறல் பிடிக்கும், பிறகு கொட்டும், அவன் பாட்டுக்குப் பெருக்குவான்.

சனிக்கிழமை பசங்களில் சில பேர் வீம்புக்கு வேண்டாம் என்றார்கள். லெமோ பெருக்கப் பெருக்க அவர்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "இவன் ஏன் ஒண்ணும் கேக்க மாட்டேங்கறான்? திட்டவாவது செய்யலாம்ல?" என்றான் ஒருவன். மழை வந்ததும் ஒவ்வொருவனாகக் கதவைத் திறந்துகொண்டு போனார்கள். ஒருத்தனும் மிஞ்சவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக நாங்கள் வில்லனுக்குப் பலத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தோம், உயிரைக் கூட்டினோம், இடி மின்னல் போட்டோம். அவன் பலம் அவனிடம் இருந்ததே இல்லை. அது நம்முடைய நல்ல குணத்தில் இருந்தது. அதை வைத்தே அவன் உள்ளே வருகிறான், அதை எப்படி வெட்டிப்போடுவது?

ஒரே ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. கடைசிவரை கேட்காமல் இருந்தால் வருகிற அந்தக் காலி ஊர் ஒழுங்காக வருகிறதா என்று யாராவது விளையாடிச் சரிபார்க்க வேண்டும். யாரும் அதுவரை போகவில்லையே. "நான் பார்க்கறேன்" என்று ஒரிமோத்தோ உட்கார்ந்தாள். "எழுதினவளே நான். என்கிட்ட இவன் ஜம்பம் பலிக்காது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆபீஸில் நாங்கள் நாலைந்து பேர்தான். அவள் வேண்டாம் என்றாள். லெமோ போனான். மறுநாள் பெருக்கினான். அவள் கொட்டாவி விட்டாள், காலை வணக்கத்துக்குப் பதில் கூடச் சொல்லாமல் தாண்டிப் போனாள். பக்கத்து வீடு காலியானது, எதிர் வீடு காலியானது. "நல்லா வருது" என்றாள் என்னிடம். பிறகு தூறல் விழுந்தது.

அவள் நிமிர்ந்தாள். "மழையா? நான் எழுதலையே."

"நான் வச்சேன்."

திரையில் மழை வலுத்தது. சாம்பல் நிறப் புள்ளிகளால் ஆன அந்த ஆள் இந்தப் பக்கம் நான்கு அடி, அந்தப் பக்கம் நான்கு அடி, பெருக்கிக்கொண்டே இருந்தான். அவளுடைய நாயகன் ஜன்னலோரம் நின்றான். செய்ய வேண்டியது ஒன்றுதான், போய்ப் படுக்கையில் படுத்தால் பொழுது விடிந்துவிடும், மழை விட்டுவிடும். அவள் கட்டில்வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். "வெறும் புள்ளிங்கதானே" என்றாள், யாரிடமோ. "நான் எழுதினவன்தானே." பிறகு கதவைத் திறந்தாள். மழைக்குள் நாலு அடி நடந்து அவன் முன்னால் போய் நின்று, துண்டைக் கேட்கும் பட்டனை அமுக்கினாள்.

லெமோ வந்தான். செருப்பைக் கழற்றி நேராக வைத்தான்.

ஒரிமோத்தோ அப்படியே கவிழ்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். அவளுக்கு அழக்கூடத் தெரியும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அஷிஹாரா டீ போடுகிறேன் என்று வெறும் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துச் சுழற்றினாள். எண்ணைப் பார்க்காமலே சுழற்றினாள்.

"அம்மா, நான்தான்."

"என்னடி, என்ன ஆச்சு? அழறியா?" தோக்கியேயின் குரல் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது.

"நானும் திறந்துட்டேன்மா."

"எதை?"

"கதவை. அந்த ஆளுக்கு. எல்லாம் தெரிஞ்சும் நானே போய்க் கூப்பிட்டேன்."

"மழை பெய்ஞ்சுதா?"

"பெய்ஞ்சுது."

"அப்ப நீ என்ன பண்ணுவே, பாவம்" என்றாள் தோக்கியே. அப்புறம், கேட்கலாமா வேண்டாமா என்கிற மாதிரி, "என் மேல கோபம் போயிடுச்சாடி?" என்றாள்.

"உன் மேல போயிடுச்சும்மா. ஆனா அவன் மேல வர மாட்டேங்குது. எவ்வளவோ இழுத்துப் பார்க்கறேன், வரவே மாட்டேங்குது. எனக்கு அதான் பயமா இருக்கு."

"வராது" என்றது அந்த மார்க்கெட் குரல், இறங்கி, தணிந்து. "நானும் பார்த்துட்டேன்."